பசங்க கூட்டம், பொண்ணுங்க கூட்டம்: பதின்பருவத்தினர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்பருவப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர்களோடும் பேசுவது என் வேலை. ஆண்பிள்ளைகள் கூட்டம், பெண்பிள்ளைகள் கூட்டம் என்ற பேச்சு வந்துவிட்டால், கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் உள்ள பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

1. பசங்க பசங்களோட, பொண்ணுங்க பொண்ணுங்களோட சேர்றது இயற்கைதானே? இதுல கவலைப்பட என்ன இருக்கு?

சேர்வதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான குழந்தைகள் 3 வயதை ஒட்டியே தன் பாலினத்தவரோடு அதிகம் விளையாடத் தொடங்கிவிடுகிறார்கள். எலினார் மெக்கோபி, கரோல் ஜாக்லின் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. நாலரை வயதுப் பிள்ளைகள் எதிர்ப்பாலினத்தவரோடு விளையாடியதைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு நேரம் தன் பாலினத்தவரோடு விளையாடினார்கள். ஆறரை வயதில் அது 11 மடங்காகிவிட்டது.

கவனிக்க வேண்டியது அதற்கு அப்புறம் நடப்பதை. கரோல் மார்ட்டினும் ரிச்சர்ட் ஃபேப்ஸும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தன் பாலினத்தவரோடு மட்டுமே அதிக நேரம் கழித்த சிறு குழந்தைகளிடம் சில மாதங்களிலேயே ஆண், பெண் நடத்தை வேறுபாடுகள் கூடியிருந்தன. அதாவது, வேறுபாடு இருப்பதால் பிரிகிறார்கள் என்பது பாதிக் கதை. பிரிந்து இருப்பதாலும் வேறுபாடு வளர்கிறது. 13 வயதில் ஒரு பையன் “பொண்ணுங்கன்னாலே இப்படித்தான்” என்று அடித்துப் பேசும்போது, அவன் அவர்களோடு பழகிப் பார்த்து அதைச் சொல்லவில்லை. பத்து வருடம் பழகாமல் இருந்துவிட்டுச் சொல்கிறான்.

2. வயசு ஏற ஏற இது தானா மாறிடுமா?

பெரும்பாலும் மாறும், படிப்படியாக. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டெக்ஸ்டர் டன்ஃபி, சிட்னி நகரப் பதின்பருவத்தினரைப் பின்தொடர்ந்து 1963இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. முதலில் ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று தனித்தனிச் சிறு வட்டங்கள். பிறகு அந்த வட்டங்கள் கூட்டமாக அருகருகே வந்து பழகும். அதற்கடுத்து இரு பாலினத்தவரும் கலந்த வட்டங்கள். கடைசியில் ஜோடிகள் பிரிய, கூட்டமே தளர்ந்துவிடும்.

இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் கால அட்டவணை அல்ல. டன்ஃபியின் விளக்கத்தில் காதல் நாட்டம் எதிர்ப்பாலினத்தவர் மேல்தான் வரும் என்ற அனுமானமும் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆனால் ஒன்று உபயோகமானது. தன் சிறு வட்டத்தின் துணையோடுதான் பிள்ளைகள் அடுத்த வட்டத்தை நெருங்குகிறார்கள். அந்தச் சிறு வட்டத்தை உடைத்தால்தான் தன் பிள்ளை வெளியே வரும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்வேன்.

3. சும்மா ‘பாய்ஸ்’, ‘கேர்ள்ஸ்’னு ஒரு பேருதானே? அதுக்கு ஏன் இவ்வளவு விசுவாசம்?

பெயரே போதும் என்பதுதான் உண்மை. ஹென்றி தஜ்ஃபெல் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களை வைத்துச் செய்த சோதனைகள் 1970இல் வெளிவந்தன. ஒன்றில், திரையில் தெரிந்த புள்ளிகளைக் கூட்டி மதிப்பிட்டவர், குறைத்து மதிப்பிட்டவர் என்று பிரித்தார். இன்னொன்றில், இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடித்தது என்று பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். தன் குழுவில் யார் யார் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குச் சாதகமாகவே பங்கிட்டார்கள். சில சமயம் தன் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட முந்தியிருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

புள்ளிகளுக்கே இப்படி என்றால், பிறந்த நாளிலிருந்து உடை, பெயர், பொம்மை, வரிசை என்று எல்லாவற்றிலும் நினைவூட்டப்படும் ஒரு பிரிவுக்கு எவ்வளவு பிடிப்பு இருக்கும்!

4. ஒரு பிள்ளையை ‘நீ பொண்ணு, உனக்கு இடமில்ல’ன்னு ஒதுக்கினா, அது தப்புன்னு இந்த வயசுல புரியுமா?

புரியும். பெரியவர்கள் நினைப்பதைவிட நன்றாகவே புரியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மெலனி கில்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இதுதான். 2001இல் அவரும் சார்ல்ஸ் ஸ்டாங்கரும் வெளியிட்ட ஆய்வில், பாலே நடனக் குழுவில் பையனைச் சேர்க்க மறுப்பது, பேஸ்பால் குழுவில் பெண்ணைச் சேர்க்க மறுப்பது போன்ற சூழல்களை 1, 4, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாலினம் மட்டுமே காரணம் என்றால் தப்பு என்றே மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். ‘ஒரு இடம்தான் இருக்கிறது, வழக்கமாக அந்த ஆட்டத்துக்கு வரும் பிள்ளை இன்னும் நன்றாகச் செய்யும்’ என்று சிக்கலைக் கூட்டியபோதுதான் வயது வேறுபாடு தெரிந்தது. 13 வயதினர் குழுவின் வெற்றிக்கு இளையவர்களைவிட அதிக எடை கொடுத்தார்கள். நியாயம் மறந்துபோய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. நியாயத்தோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துவிட்டது.

அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய ஆய்வு, பாலினத்தையோ இனத்தையோ காட்டி ஒதுக்கும் மூன்று இடங்களைப் பற்றி 4, 7, 10ஆம் வகுப்பினரிடம் கேட்டது: ஒருவரோடு நட்பு வைக்க மறுப்பது, ஒரு இசைக் குழுவில் சேர்க்க மறுப்பது, பள்ளியில் சேர்க்க மறுப்பது. பள்ளிக் கதவை மூடுவதை ஏறக்குறைய எல்லோரும் கண்டித்தார்கள். நட்பு என்று வந்ததும் “அது அவங்கவங்க விருப்பம்” என்றவர்கள் அதிகம். குழுவுக்கு “எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஒத்துப்போகும்” என்ற காரணம் வந்தது. ஆக, பதின்பருவத்தினர் ஒரே அளவுகோலை எல்லா இடத்திலும் வைப்பதில்லை. எங்கே நடக்கிறது என்று பார்க்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. நட்பு, குழு ஆகிய இரண்டிலும், நிறத்தையோ இனத்தையோ காட்டி ஒதுக்குவதைவிடப் பாலினத்தைக் காட்டி ஒதுக்குவதை அவர்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். தினமும் பார்க்கும் பிரிவினை கண்ணுக்கு உறுத்தாமல் போய்விடுகிறது.

5. பொண்ணுங்க, பசங்க ரெண்டு பேர்ல யாருடைய தீர்ப்பு நியாயமா இருக்கும்?

மேலே கடைசியாகச் சொன்ன ஆய்வில் பெண்பிள்ளைகள்தான் ஒதுக்குதலை அதிகம் மறுத்தார்கள். ஆனால் இதை வைத்துப் பெண்கள் நல்லவர்கள், பையன்கள் கல்நெஞ்சர்கள் என்று முடிவுகட்டாதீர்கள். விளையாட்டிலிருந்தும் வெளியிடத்திலிருந்தும் ஒதுக்கப்பட்ட அனுபவம் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு வலி சீக்கிரம் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். பையன்களிலும் ஒதுக்கப்பட்டவன் அதே கூர்மையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

6. தப்புன்னு தெரியுதுன்னா ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க?

ஏனென்றால், தனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். கெல்லி லின் மல்வியும் கில்லனும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 9, 10 வயதினரிடமும் 13, 14 வயதினரிடமும் ஒரு சூழலைச் சொன்னார்கள். ஒரு குழு வழக்கமான ஆண், பெண் எதிர்பார்ப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளை அதை எதிர்த்துப் பேசுகிறது. நீ அந்தப் பிள்ளையை ஆதரிப்பாயா, உன் குழு ஆதரிக்குமா? “நான் ஆதரிப்பேன், குழு அந்த அளவுக்கு ஆதரிக்காது” என்ற பக்கமே பதில்கள் சாய்ந்தன. எல்லோருமே இப்படிச் சொன்னால், குழு என்று அவர்கள் பயப்படுவது யாரை?

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. 1993இல் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். தனக்கு அது சங்கடமாக இருக்கிறது, மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பயத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. ஒதுக்கப்படுவது அவ்வளவு வலிக்கும். கிப்ளிங் வில்லியம்ஸ் 2000இல் இணையத்தில் எறிந்து பிடிக்கும் ஒரு எளிய விளையாட்டை வைத்துச் சோதித்தார். முகம் தெரியாதவர்கள் தன் பக்கம் எறியாமல் விட்டதற்கே மனம் சுருங்கியது. தினமும் முகம் பார்க்கும் வகுப்பில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

7. பொண்ணுங்க கூட்டம்னா புறம் பேசுவாங்க, பசங்க கூட்டம்னா அடிதடி. இது அனுபவத்துல பார்த்ததுதானே?

பாதிதான் சரி. 2008இல் நோயல் கார்டும் உடனாய்வாளர்களும் 148 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நேரடியாகத் தாக்குவதில் பையன்கள் தெளிவாக அதிகம். புறம் பேசுவது, வதந்தி கிளப்புவது, பேசாமல் ஒதுக்குவது போன்றவற்றில் ஆண், பெண் வேறுபாடு கவனிக்கத்தக்க அளவில் இல்லை. பையன்களும் ஒதுக்குகிறார்கள், கதை கட்டுகிறார்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்குகிறார்கள். அதற்கு “கலாய்க்கிறாங்க” என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறோம்.

இதன் விளைவு தீர்ப்பில் தெரியும். ஒரே காரியத்தைப் பெண்கள் செய்தால் அது அவர்கள் குணம், பையன்கள் செய்தால் அது விளையாட்டு. பிள்ளைகள் இந்த இரட்டை அளவை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

8. பசங்க நட்பெல்லாம் சும்மா விளையாட்டு, சினிமா அரட்டையோட சரி. மனசு விட்டுப் பேசவே மாட்டாங்க, இல்லையா?

நியோபி வே என்ற ஆய்வாளர் அமெரிக்க நகரங்களில் பையன்களை ஆண்டுக்கணக்கில் பேட்டி கண்டவர். பதின்பருவத் தொடக்கத்தில் அவர்கள் ரகசியம் சொல்லிக்கொள்ளும் நெருங்கிய நண்பனைப் பற்றி வெகு அன்போடு பேசினார்கள். 16, 17 வயதை நெருங்கும்போது பலர் அந்த நட்பை இழந்திருந்தார்கள். ஆண் என்றால் யாரும் தேவைப்படாதவன் என்ற எதிர்பார்ப்பு அதில் பெரும் பங்கு வகித்தது என்பது அவர் முடிவு. மனசு விட்டுப் பேசத் தெரியாதவர்கள் என்று நாம் சொல்லும் பையன்கள், பேசிக்கொண்டிருந்து நிறுத்தியவர்கள்.

பெண்பிள்ளைகள் பக்கமும் எல்லாம் சுகமில்லை. அமாண்டா ரோஸ் 2002இல் காட்டியபடி, ஒரே பிரச்சினையைத் தோழியோடு திரும்பத் திரும்பப் பேசிக் கிளறும் வழக்கம் பெண்களிடம் கூடுதல். அது நட்பை நெருக்கமாக்குகிறது, கூடவே மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தொடர்பு காட்டுகிறது. உங்கள் மகள் தோழியோடு மணிக்கணக்கில் அழுது பேசினால், பேசுவதைத் தடுக்க வேண்டாம். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு கேள்வியைச் சேர்த்து விடுங்கள்.

9. நான் பொண்ணு, என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் பசங்க. ரெண்டு பக்கமும் என்னைத் தப்பா பேசறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?

எந்தத் தப்பும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை நெருங்கிக் கவனித்து 1993இல் எழுதிய சமூகவியலாளர் பேரி தோர்ன், எல்லை தாண்டும் பிள்ளையைச் சீண்டுவதே அந்த எல்லையைக் காக்கும் முக்கிய வழி என்று விளக்கியிருக்கிறார். “அவன் உன் ஆளா?” என்ற கிண்டலின் வேலை அதுதான். உன்னைப் பற்றி ஏதோ தெரிந்து சொல்வதல்ல. கோடு இன்னும் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்வது. உன் பெண் தோழிகள் விலகுவதில் கொஞ்சம் ஏக்கமும் இருக்கலாம். அவர்களில் ஒருத்தியோடு தனியாகப் பேசிப் பார். 6ஆம் கேள்வியின் பதில் அங்கே உனக்கு உதவும்.

இதே கேள்வியைப் பையன்களும் கேட்கிறார்கள், பெரும்பாலும் மெதுவான குரலில். அவர்கள் பாடு இன்னும் கடினம். கால்பந்து ஆடும் பெண்ணைவிட நடனம் ஆடும் பையன் கடுமையாகத் தீர்ப்பிடப்படுகிறான். ஆணுக்குரியது என்று கருதப்படும் செயலை நோக்கிப் பெண் போனால் ‘தைரியசாலி’ என்ற பேராவது கிடைக்கும். பெண்ணுக்குரியது என்று கருதப்படுவதை நோக்கிப் பையன் போனால் அவன் கீழே இறங்கியதாகவே பார்க்கப்படுகிறான். பெண்களோடு சேர்வதைக் கீழே இறங்குவதாக ஒரு வகுப்பு எண்ணினால், அந்த வகுப்பு, பெண்களைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

10. நான் டீச்சர். பாய்ஸ் ஒரு டீம், கேர்ள்ஸ் ஒரு டீம்னு பிரிக்கறது வசதிக்காகத்தான். அதுல என்ன கெடுதல்?

கெடுதல் இருக்கிறது, அதுவும் சீக்கிரமே. லேசி ஹில்லியர்டும் லின் லிபெனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சில மழலையர் வகுப்புகளில் மட்டும் ஆண், பெண் என்று வரிசை பிரிப்பது, அப்படியே அழைப்பது எனச் செய்யச் சொன்னார்கள். இரண்டே வாரம். அந்த வகுப்புக் குழந்தைகளிடம் ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற வார்ப்பெண்ணங்கள் கூடின, எதிர்ப்பாலினத்தவரோடு விளையாடுவது குறைந்தது. 3ஆம் கேள்வியில் சொன்ன பெயரின் பலம் இதுதான். பிறந்த மாதம், வருகைப் பதிவேட்டு எண், சீட்டுக் குலுக்கல் என்று பிரிக்க எத்தனையோ வழி உண்டு.

ஏற்கெனவே பகை முற்றிய வகுப்பில் வெறுமனே கலந்து உட்கார வைப்பது மட்டும் போதாது. 1954இல் ஓக்லஹோமாவில் முஸாஃபர் ஷெரீஃப் 22 பையன்களை இரு அணியாக்கி நடத்திய முகாமில், ஒன்றாகச் சாப்பிட வைத்தும் படம் பார்க்க வைத்தும் சண்டை ஓயவில்லை. நின்றுபோன தண்ணீரை வரவழைப்பது, நகராத லாரியை இழுப்பது போன்ற, இரு அணியும் சேர்ந்தால்தான் முடியும் வேலைகள் வந்த பிறகே இறுக்கம் தளர்ந்தது. அவர்கள் எல்லோரும் பையன்கள்தான் என்றாலும் வழி இங்கேயும் பொருந்தும். ஒருவர் பங்கு இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாத வேலையைக் கொடுங்கள்.

11. அப்போ பொண்ணுங்களுக்கு மட்டும்னு ஒரு விளையாட்டுக் குழு வெச்சா அதுவும் ஒதுக்கறதுதானே? பசங்க கேக்கறாங்க, பதில் சொல்ல முடியல.

நல்ல கேள்வி. அதைக் கேட்கும் பையனை அடக்காதீர்கள்; அவன் 4ஆம் பதிலில் சொன்ன நியாயத்தைத்தான் பயன்படுத்துகிறான். அவனிடம் திருப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் குழு எதற்காக? இது இருப்பதால் உனக்கு எந்த வாய்ப்பாவது போகிறதா? மைதானம் முழுக்கப் பையன்கள் கையில் இருக்கும் பள்ளியில், பெண்களுக்கென ஒரு நேரம் ஒதுக்குவது இல்லாத வாய்ப்பை உண்டாக்குகிறது. எல்லோருக்கும் பொதுவான கணினிக் குழுவில் “பொண்ணுங்களுக்கு இது வராது” என்று இடம் மறுப்பது இருந்த வாய்ப்பைப் பறிக்கிறது.

சில சமயம் அவன் சொல்வதே சரியாக இருக்கும். பையன்களுக்கு நடனமோ சமையலோ கற்றுக்கொள்ள இடமே இல்லாதபோது பெண்கள் மட்டும் குழு வைத்தால், அவன் புகாரை ஏற்றுக் கதவைத் திறக்கத்தான் வேண்டும்.

12. எனக்கு பசங்க கூட்டமும் ஒத்து வரல, பொண்ணுங்க கூட்டமும் ஒத்து வரல. என்கிட்டதான் ஏதோ கோளாறா?

இல்லை. திருநர் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள், தன்னை அப்படி அடையாளப்படுத்தாத எத்தனையோ பிள்ளைகளும் கேட்கிறார்கள். கூட்டம் இல்லாதது துயரம்தான், அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உனக்குத் தேவை கூட்டமே அல்ல. 1999இல் எர்னஸ்ட் ஹாட்ஜஸும் உடனாய்வாளர்களும் காட்டியது, ஒரே ஒரு நெருங்கிய நட்பு இருந்தாலே சீண்டலின் பாதிப்பு மேலும் மேலும் வளர்வது தடுக்கப்படுகிறது என்பது. ஒருவரைத் தேடு. வேறு வகுப்பிலோ, வேறு வயதிலோ இருந்தாலும் சரி.

இன்னொன்றும் தெரிந்துகொள். கூட்டத்தின் பிடி இதே அளவில் நீடிப்பதில்லை. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மோனஹனும் 2007இல் காட்டியபடி, சகவயதினரின் அழுத்தத்தைத் தாங்கும் திறன் 14 முதல் 18 வயது வரை சீராக ஏறுகிறது. இன்று உன்னோடு பேசத் தயங்குபவர்கள் இரண்டு வருடத்தில் வேறு ஆட்களாக இருப்பார்கள். அதுவரை பொறுத்துக்கொள் என்று சொல்வதல்ல என் நோக்கம். சீண்டல் இருந்தால் நம்பும் பெரியவர் ஒருவரிடம் இன்றே சொல்.

13. வீட்டுல இதைப் பேச ஆரம்பிச்சாலே எழுந்து போயிடறான். எப்படிப் பேசறது?

அவனுடைய கூட்டத்தைப் பற்றித் தீர்ப்போடு தொடங்காதீர்கள். வேறு யாருடைய கதையையாவது சொல்லி, இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள்: “நீ என்ன நினைக்கற?” “உன் செட்டுல என்ன சொல்வாங்க?” இரண்டு பதிலும் வேறாக இருக்கும். அந்த இடைவெளியை அவனே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் விளக்கத் தொடங்கினால் கதவு மூடிவிடும்.

14. என் பொண்ணே இன்னொருத்தியை ஒதுக்கற கூட்டத்துல இருக்கா. திட்டறதா, விட்டுடறதா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அவளுக்கு அந்தப் பெண்ணோடு நெருங்கிப் பழகப் பிடிக்கவில்லை என்றால் அது அவள் விருப்பம். நட்பைக் கட்டாயப்படுத்த முடியாது. எல்லோரும் சேர்ந்து அவளோடு பேசக் கூடாது என்று முடிவெடுத்திருந்தாலோ, பொதுவான குழுப்பணியிலும் சாப்பாட்டு மேசையிலும் இடம் மறுத்தாலோ, அது கொடுமை. அந்த வேறுபாடு உங்கள் மகளுக்கும் தெரியும், 4ஆம் பதிலில் பார்த்தோமே. அதை அவள் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

பிறகு, கூட்டம் முழுவதையும் எதிர்க்கச் சொல்லாதீர்கள், அது அவளால் ஆகாது. அந்தக் கூட்டத்தில் தன்னைப்போலவே சங்கடப்படும் இன்னொருத்தி யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் சட்டென்று வரும். அவளிடம் மட்டும் தனியாக, நேரில், வாட்ஸ்அப்பில் அல்ல, “எனக்கு இது பிடிக்கல, உனக்கு?” என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரலாம். சீண்டல் முற்றியிருந்தால், அதற்குக் காத்திராமல் நீங்களே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பேசப்போவதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.